முதல் சுளை

மண் முதலில் நெற்றியில் விழுந்தது. ஜில்லென்று விழுந்து, அங்கிருந்து கன்னத்துக்கும் மூக்குக்கும் மூடிய இமைகளுக்கும் பரவி, வாயை மட்டும் விட்டுவிட்டு மோவாயில் வந்து நின்றது. பூசுகிறவர் கைக்கு எல்லா முகமும் ஒன்றுதான். திண்டுக்குச் சிமெண்டு பூசுகிற மாதிரி அவசரமில்லாமல் பூசி, தலையில் ஈரத்துண்டைச் சுற்றி, கழுத்துவரைக்கும் வெள்ளைப் போர்வையை இழுத்துவிட்டு அடுத்த பாய்க்குப் போய்விடுவார். இப்படிக் கிடத்திவிட்டால் தாசில்தாரும் ஒன்றுதான், டீக்கடைக்காரரும் ஒன்றுதான் என்று ரத்தினசபாபதி நினைத்துக்கொண்டார். வரிசையாகப் படுக்க வைத்தாயிற்று, வெள்ளை போர்த்தியாயிற்று, முகத்தில் மண்ணும் போட்டாயிற்று, இனிச் சங்கு ஊதுவதுதான் பாக்கி. சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. சிரித்தால் மண் வெடிக்கும். காய்ந்து முடிகிறவரை பேசக்கூடாது, அசையக்கூடாது என்பது இந்த இயற்கை மருத்துவ நிலையத்தின் சட்டம். வெடித்த முகத்தைப் பார்த்தே யார் வாயைத் திறந்தார் என்று வைத்தியர் மணவாளன் கண்டுபிடித்துவிடுவார். இன்றைக்கு ரத்தினசபாபதி படுத்திருப்பது வழக்கமான பாயில்கூட இல்லை. இது சுவரோரப் பாய், உடன் தங்கியிருக்கும் வீரணனுடையது. வந்த நாளிலிருந்து அதைத் தன் பேருக்குப் பத்திரம் பண்ணிக்கொண்ட மாதிரி அனுபவித்தவர், இன்று காலை, சுவர்ப் பொந்திலிருந்து எறும்பு வருகிறது, என்னைக் கண்டாலே அதுகளுக்குப் பிடித்துவிடுகிறது, நீங்கள் கொஞ்சம் இங்கிட்டுப் படுங்கள் அண்ணே என்று கெஞ்சி இடம் மாற்றிக்கொண்டார். ரத்தினசபாபதிக்கு மறுத்துச் சொல்ல வரவில்லை. மறுத்துச் சொல்வது அவருக்கு எப்போதுமே அவ்வளவாக வராது.

அண்ணே. இந்த ஆளுக்கு நான் எந்த வகையில் அண்ணன்? உசிலம்பட்டிப் பக்கத்தில் அரிசி ஆலை வைத்திருக்கிறவர், குரலைப் பார்த்தால் ஆலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி, எதிரே நிற்கிறவரிடம்கூட இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசித்தான் பழக்கம். முதல் நாளே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஊர் எது, உறையூரா, என்ன வேலை, மின்சார ரீடிங்கா, சர்க்கரை எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை என்று ஒன்றுவிடாமல் கேட்டார். பிள்ளைகள் இல்லை என்றதும் மட்டும் குரல் ஒருமுறை இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டது. தலையணை உறைக்குள் முறுக்கு ஒளித்து வைத்திருந்து பிடிபட்டவரும் அவர்தான். சிரிப்புப் பயிற்சியில், எல்லாரும் வட்டமாக நின்று காரணமில்லாமல் கைகளைத் தூக்கி ஹாஹா என்று சிரிக்க வேண்டிய இடத்தில், அவர் ஒருவர்தான் நிஜமாகச் சிரிப்பார், மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து. ரத்தினசபாபதி வாயைத் திறந்து கையைத் தூக்குவதோடு சரி, சத்தம் வராது. வீடு வீடாக முப்பது வருஷம் ஏறி இறங்கியவருக்கு முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளப் பழகியிருந்தது. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் குரைப்போடு நிறுத்தும் என்று அவருக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரர்களுக்கு அவர் பெயர் தெரியாது. அம்மா, கரண்டுக்காரர் வந்திருக்கார் என்று குழந்தை உள்ளே பார்த்துக் கத்தும். கதவு திறக்கும், மீட்டரைப் பார்ப்பார், எழுதுவார், கதவு சாத்திக்கொள்ளும். எவ்வளவு கதவுகள். சரளைக்கல்லில் வண்டி ஒன்று வந்து நின்றது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். டீசல் வண்டி, கதவு நாலும் திறந்து மூடுகிறது, குழந்தைகள் சத்தம், பெண்கள் சத்தம், ஒரு குடும்பமே வந்து இறங்குகிறது. அண்ணன் மகன் தினகரன் வந்தால் தனியாகத்தான் வருவான். இது இல்லை.

இன்றைக்கு விரதம் முடிகிற நாள். சாற்றையும் வெந்நீரையும் குடித்துக் கிடந்தவர்களுக்கு இன்று முதல் உணவு, சாப்பாட்டுக் கூடத்தில், எல்லார் முன்னிலையிலும். அதிலும் மணவாளனுக்கு ஒரு முறை உண்டு. யாரும் தானாக எடுத்துச் சாப்பிடக்கூடாது. அவரவர் வீட்டு மனுஷர் ஒருவர் வந்து, ஆரஞ்சுச் சுளையைத் தோலுரித்து, கொட்டை எடுத்து, தன் கையால் வாயில் வைக்க வேண்டும். பசியை முடித்துவைப்பது பழம் இல்லை, கை என்று முதல் நாள் கூட்டத்தில் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எல்லாரும் தலையை ஆட்டினார்கள், ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரத்தினசபாபதி தனக்கு வரக்கூடியவர்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். அன்று ராத்திரி வெண்பூசணிச் சாற்றைக் குடித்துக்கொண்டே வீரணன் ஒரு கதை சொன்னார், இவர் இங்கே வருவது இரண்டாவது தடவை, போன தடவை ஒருத்தருக்கு யாருமே வரவில்லையாம், கோவில்பட்டிக்காரர், வாத்தியாராக இருந்தவர். வைத்தியரே அவரை மேடைக்குக் கூப்பிட்டு, இவருக்கு நாமெல்லாரும்தான் சொந்தம் என்று பேசி, சுளையை ஊட்டிவிட்டாராம். கூடமே கைதட்டியதாம். அந்தக் கைதட்டல் அன்றிலிருந்து ரத்தினசபாபதியின் காதில் நிற்கவே இல்லை. நீராவிப் பெட்டிக்குள் கழுத்துக்கு மேல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கேட்டது, இடுப்புக் குளியல் தொட்டியில் காலைத் தூக்கிக்கொண்டு கிடக்கும்போது கேட்டது, எனிமா கொடுக்கிற அறையில்கூட, அந்த மாதிரி இடத்தில் வேறு எதுவும் நினைக்கத் தோன்றாது, அங்கேயும் கேட்டது. உங்களுக்கு யாரு வர்றாக அண்ணே என்று வீரணன் கேட்டபோது, அண்ணன் மகன் வருவான் என்று சட்டென்று சொல்லிவிட்டார். வருவான் என்று. வரலாம் என்றுகூட இல்லை.

தினகரனுக்குப் போன் போட்டது அதற்கப்புறம்தான். சாயங்காலம் மட்டும் அலுவலக அறையில் வரிசையில் நின்று பேசலாம். கரூரில் கடையில் சரக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றான், சத்தமாக இருந்தது, யாரையோ அந்தக் கட்டை இறக்கு என்று நடுவில் திட்டினான். விஷயத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் சும்மா வந்து பார்த்துவிட்டுப் போயேன் என்று மட்டும் சொன்னார். "வரப் பாக்கறேன் சித்தப்பா" என்றான். பாக்கறேன். அந்தச் சொல்லை அவர் எத்தனை வாசலில் கேட்டிருக்கிறார். நாளைக்குக் கட்டப் பாக்கறேன் சார், வீட்டுக்காரர் வந்ததும் சொல்லப் பாக்கறேன் சார், நாயைக் கட்டப் பாக்கறேன் சார். பார்க்கிறேன் என்றவர்களில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவருக்குத் தெரியாதா. ஆனாலும் அவன் குரலில் ஏதோ ஒன்று இருந்தது, சித்தப்பா என்று முடிக்கும்போது கொஞ்சம் இழுத்தான், இழுத்தது பாசத்திலா அவசரத்திலா. சின்ன வயதில் அவனை இவர் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து மலைக்கோட்டைக்குக் கூட்டிப் போயிருக்கிறார், அது அவனுக்கு ஞாபகம் இருக்குமா, இருந்தால் மட்டும் சரக்குக் கணக்கை விட்டுவிட்டு வந்துவிடுவானா. வரமாட்டான். வந்தாலும் வருவான். வயிற்றில் போட்டிருந்த மண்பட்டியின் ஈரம் முதுகுவரைக்கும் இறங்குகிற மாதிரி இருந்தது. பக்கத்துப் பாயில் வீரணன் குறட்டை ஆரம்பித்துவிட்டார், நெல் உள்ளே போய் அரிசி வெளியே வருகிற மாதிரி ஒரு ஒழுங்கான சத்தம். பொறாமையாக இருந்தது. மகள் வருகிறாள் என்று உறுதியாகத் தெரிந்த மனுஷனுக்குத் தூக்கம் வரும்.

சமையல் கட்டிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. பணியாளர்களுக்குச் சாம்பார். கடுகு, பெருங்காயம், அப்புறம் கறிவேப்பிலை விழுந்த சடசடப்புகூடக் காதில் விழுந்தது. வாயில் எச்சில் ஊறி அதை விழுங்கும்போது தொண்டை அசைந்து, கழுத்தோரம் காய்ந்திருந்த மண் இழுத்தது. மனைவி சுலோசனா தாளிக்கும்போது புகைந்து இருமுவாள், இருமிக்கொண்டே, போய் முகம் கழுவிட்டு வாங்க என்பாள். அவள் போனபிறகு அவர் உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டார். அடுப்பு மேடை பக்கத்தில் நின்றபடி, பாத்திரத்திலிருந்தே, கரண்டியாலேயே. தட்டில் போட்டு உட்கார்ந்தால் எதிரே யாரோ இல்லை என்பது தெரிந்துவிடுகிறது. நின்றுகொண்டு தின்றால் ஏதோ வேலைக்குப் போகிற அவசரம் என்று வைத்துக்கொள்ளலாம். சர்க்கரைக்காக இங்கே வந்ததாக எல்லாரிடமும் சொன்னார், டாக்டரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். உண்மை அது இல்லை. டாக்டர் அறையில் கிடந்த விளம்பரத்தாளில் ஒரு படம் இருந்தது, நீளமான கூடத்தில் ஆண்களும் பெண்களும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், ஒருவர் மற்றவரைப் பார்த்து ஏதோ சொல்கிறார், மற்றவர் சிரிக்கிறார். அதைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினார். வந்து சேர்ந்த பிறகுதான் சொன்னார்கள், இங்கே முதல் வேலை பட்டினி. பந்தியைப் பார்த்து வந்தவனைப் பட்டினி போட்ட கதையைச் சொன்னால் சுலோசனா எப்படிச் சிரித்திருப்பாள். வேறு யாரிடம் சொல்வது.

அவளுக்குக் கடைசியில் பால் ஊற்றியது அவர்தான். பேச்சு நின்று, பார்வையும் எங்கோ போனபிறகு, பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு கிண்ணத்தில் பாலைக் கொண்டுவந்து கொடுத்து, நீங்களே ஊத்துங்கண்ணா, உங்க கையால போகட்டும் என்றாள். ஸ்பூனால் எடுத்தார். முதலில் ஊற்றியது உதட்டோரமாக வழிந்துவிட்டது, வேட்டி நுனியால் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினார், அது உள்ளே போயிற்று, தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அவளுக்கு ஊற்ற நான் இருந்தேன். அதற்குமேல் அந்த நினைப்பை அவர் வளர விடுவதில்லை, வழக்கமாக அந்த இடத்தில் எழுந்துபோய் ரேடியோவைத் திருகுவார், இல்லாவிட்டால் தெருவில் இறங்கி நடப்பார். இங்கே முகத்தில் மண்ணோடு எங்கே போவது. நினைப்பு வளர்ந்தது. எனக்கு யார்? ஆரஞ்சுச் சுளைக்கே ஆளைத் தேடுகிறவனுக்கு அன்றைக்கு யார் வந்து நிற்பார்கள்? யாரோ ஒரு நர்ஸ், பெயர் தெரியாத ஒரு வார்டு பையன், அல்லது அதுகூட இல்லாமல் நின்றபடியே அடுப்பு மேடை பக்கத்தில், கையில் கரண்டியோடு. பயமாக இருந்தது. இது பசிதான், வெறும் பசி, வெறும் வயிற்றில் இப்படித்தான் தோன்றும் என்று சொல்லிக்கொண்டார். மறுபடியும் சரளைக்கல். ஸ்கூட்டர். இல்லை. அதன் பின்னாலேயே ஒரு கார், பெட்ரோல் மாதிரி இருந்தது, ஒரே கதவு, ஒரே ஆள் இறங்குகிற சத்தம், அவருக்குக் கால் விரல்கள் போர்வைக்குள் மடங்கின. பிறகு ஒரு பெண்ணின் குரல் அலுவலகத்தில் ஏதோ விசாரித்தது. இல்லை. அவன் வரமாட்டான். முடிவு செய்துவிட்டார். மண்ணைக் கழுவியதும் கூடத்துக்குப் போகவேண்டியதில்லை, பையை எடுத்துக்கொண்டு காய்கறித் தோட்டத்தின் பக்கமாகப் பின்கேட்டு வழியே இறங்கிவிட வேண்டியது, சாலையில் ஏதாவது ஒரு பஸ், திண்டுக்கல் பஸ் நிலையத்தில் ஒரு வாழைப்பழம், தானே உரித்துத் தானே தின்று விரதத்தை முடித்துக்கொள்ள வேண்டியது. யாரும் கைதட்டமாட்டார்கள். பையில் துண்டு ஈரமாக இருக்குமே, இருக்கட்டும். வீரணன் தேடுவார், கொஞ்ச நேரம் சத்தம் போட்டுத் தேடுவார், அப்புறம் மகள் வந்ததும் மறந்துவிடுவார்.

செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது, கொட்டகை வாசலில். மெதுவான காலடி, திருட்டுத்தனமாக வருகிற காலடி, கண்ணாடி வளையல் ஒன்றோடொன்று இடிக்காமல் பிடித்துக்கொண்டு வருகிற மாதிரி. சுவரோரமாகவே வந்து அவர் தலைமாட்டில் நின்றது. துணி சரசரத்தது, யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். ஆரஞ்சுத் தோலின் வாசனை அவ்வளவு பக்கத்தில் திடீரென்று வந்ததில் அவருக்குத் தலை சுற்றியது.

"அப்பா, பேசாதீங்க. வைத்தியர் பொம்பளைங்க பக்கம் போயிருக்காரு" என்று ஒரு பெண் காதருகே கிசுகிசுத்தாள். "கூடத்துக்கு நேரமாகுமாம். அதுவரைக்கும் நீங்க எங்கிட்டுத் தாங்கப் போறீங்க. வாயை மட்டும் தொறங்க."

அவருக்குப் புரிந்தது. புரியாமல் என்ன, சுவரோரம் முதல் ஆள் நான்தான் தாயி என்று வீரணன் போனில் கத்தியதை வரிசையில் நின்ற எல்லாரும்தான் கேட்டார்கள். எறும்புக்காக இடம் மாறியதை அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லியிருப்பார்கள். சொல்லிவிட வேண்டும், நான் அவர் இல்லையம்மா என்று இப்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தார். திறந்த வாயில் சுளை வந்து உட்கார்ந்தது. கொட்டை எடுத்த சுளை, மேல்தோலும் உரித்தது, விரல் நுனி கீழுதட்டில் பட்டுப் பின்வாங்கியது. பல் படுவதற்கு முன்பே உடைந்து, இத்தனை நாள் வெந்நீர் போன தொண்டையில் இனிப்பும் புளிப்புமாக இறங்கிற்று. காதுக்குப் பின்னால் வலித்தது. சுலோசனாவுக்கு அந்த இரண்டாவது ஸ்பூன் இப்படித்தான் இறங்கியிருக்குமா, அவளுக்கு ருசி தெரிந்திருக்குமா. "என்னப்பா இப்படி எளச்சுப் போயிட்டீங்க" என்றாள் அந்தப் பெண், குரல் உடைந்து, போர்வையை இழுத்துக் கழுத்தோரம் செருகிவிட்டாள். இது என்னுடையது இல்லை. இந்தக் கவலை பக்கத்துப் பாய்க்காரருடையது, விலாசம் மாறி வந்தது, இதை வைத்துக்கொண்டால் திருட்டு. இன்னொரு சுளை உதட்டில் பட்டது. அவர் வாயைத் திறந்தார். இந்தத் தடவை சொல்வதற்காகத் திறக்கவில்லை, அது அவருக்கே தெரிந்தது, வெட்கமாக இருந்தது, வெட்கத்தோடேயே மென்றார். யாருக்குத் தெரியப் போகிறது, இன்னும் ஒன்று வாங்கிக்கொண்டால் என்ன, இந்தப் பெண் எழுந்து போனபிறகு அப்பா தூங்கிவிட்டார் என்று ஆகிவிடும், பிறகு கூடத்தில் தெரிந்துகொள்வாள், அதற்குள் நான் பஸ் ஏறியிருப்பேன். அப்போதுதான் கவனித்தார், பக்கத்தில் ஆலை நின்றுவிட்டிருந்தது. குறட்டை இல்லை. எப்போதிலிருந்து இல்லை? முதல் சுளைக்கு முன்பேயா? வீரணன் விழித்துக்கொண்டு, மகளின் குரலைக் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் படுத்திருக்கிறார். அந்த மனுஷனா, ஒரு நிமிஷம் வாயை மூடத் தெரியாத மனுஷனா. ரத்தினசபாபதிக்கு ஒரு கதவைத் தப்பாகத் திறந்து உள்ளே போய்விட்டவர்போல இருந்தது.

"நான் உங்கப்பா இல்லைம்மா" என்றார். வாயைச் சுற்றி மண் வெடித்துக் கழுத்தில் உதிர்ந்தது. "அவர் பக்கத்துப் பாயில படுத்திருக்கார். நான் சொல்லியிருக்கணும். சொல்லலை."

வளையல் சத்தம் சட்டென்று நின்றது. எழுந்து போகிறாளா, உட்கார்ந்தே இருக்கிறாளா என்று இமைக்குள் இருந்த இருட்டில் அவர் காத்திருந்தார். வாசலில் மறுபடியும் ஏதோ வண்டி வந்து நின்றது, யார் வந்தார்கள், என்ன வண்டி என்று அவர் காது கொடுக்கவில்லை. பிறகு பக்கத்துப் பாயிலிருந்து, அந்த ஆளிடமிருந்து இப்படி ஒரு குரல் வரும் என்று அவர் நினைத்தே பார்த்திராத மெதுவான குரலில், வீரணன் பேசினார்.

"இருக்கட்டும் தாயி. பெரியப்பாவுக்கே குடு. எனக்குப் பொறவு கூடத்துல வச்சு ஊட்டலாம்."

மூன்று அண்ணன்களுக்குப் பிறகு கடைசியாகப் பிறந்தவர் ரத்தினசபாபதி. அண்ணன் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் சித்தப்பா, சுலோசனாவும் வீட்டுக்குக் கடைசிப் பெண் என்பதால் அவள் அக்காமார் பிள்ளைகளுக்கும் சித்தப்பாதான். வாழ்நாளில் ஒருவரும் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டதில்லை. அந்தச் சொல் தன்னைத்தான் குறிக்கிறது என்று அவருக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. ஆரஞ்சுத் தோல் பிரிகிற சத்தம் மறுபடியும் கேட்டது. அவள் நிதானமாகக் கொட்டை எடுத்தாள், அவசரப்படவில்லை, திருட்டுத்தனமும் இல்லை. இந்தத் தடவை, யாருக்கு என்று தெரிந்தே அந்தக் கை வந்தது.

"வாயைத் தொறங்க பெரியப்பா" என்றாள்.

அவர் திறந்தார்.